மூன்று புள்ளிக்கு அப்புறம் மிச்சம் எங்கே போகிறது?

பின்கட்டு · வெள்ளி இரவு 9.40

பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகளுக்கு 'எல்லைகள்' பாடம் ஆரம்பித்திருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். 0.999... என்று ஒன்பதுகள் முடிவில்லாமல் போனால் அது 1க்குச் சமமாம். "சமம்னுதான்பா போட்டிருக்காங்க. கிட்டத்தட்டன்னு போடலை. அப்ப அந்த மிச்சம் எங்க போச்சு?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். மூன்றில் ஒன்று 0.333... அதை மூன்றால் பெருக்கினால் 0.999... மூன்றில் ஒன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்று. ஆகவே இரண்டும் ஒன்றுதான். "அப்ப 0.333...லயே ஏதோ காணாமப் போயிருக்கு. நீங்க அந்தத் தப்பை மூணு மடங்காக்கிட்டீங்க" என்றாள். மோருக்குக்கூட உட்காராமல் எழுந்துவிட்டேன்.

முப்பது வருடம் பேரேடு எழுதியவன் நான். கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராது. அதனால்தான் கேட்கிறேன்: அந்த மிச்சத்தை எந்தத் தலைப்பில் எழுதி மூடினார்கள்?

அரைத்த மாவு · வெள்ளி இரவு 9.52

'இதர செலவு'தான், அண்ணே. எல்லா ஆபீஸிலும் அதுதானே வழக்கம்.

மிதவைப்புள்ளி · வெள்ளி இரவு 10.05

உங்கள் மகள் பக்கம்தான் நியாயம். ஒன்பது போட்டுக்கொண்டே போகலாம், ஒன்றைத் தொடாது. 'சமம்' என்பது கணிதக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட ஒரு ஏற்பாடு. நான் நிரல் எழுதிப் பிழைப்பவன், ஓட்டிப் பார்த்துத்தான் நம்புவேன்.

இதே மாதிரி இன்னொன்று. 1 + 1/2 + 1/3 + 1/4 + ... என்று கூட்டிக்கொண்டே போனால் முடிவிலிக்குப் போகும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன். 15.40368 வந்ததும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பத்துக் கோடி உறுப்பு கூட்டியும் இம்மியும் நகரவில்லை. புத்தகத்தில் போகிறது, என் மடிக்கணினியில் போகவில்லை. யாரை நம்புவது?

ஓய்வு வாத்தியார் · சனி காலை 5.55

தம்பி மிதவைப்புள்ளி, உங்கள் மடிக்கணினியை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். அந்தத் தொடர் நிற்காது என்பதற்குப் பின்னம் மட்டும் தெரிந்தால் போதும் என்கிற ஒரு வழி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த ஒரேம் என்ற பாதிரியார் சொன்னது. 1/3, 1/4 இரண்டையும் சேருங்கள். இரண்டுமே காலுக்குக் குறையாதவை, ஆகவே சேர்ந்தால் அரைக்குக் குறையாது. அடுத்த நாலு, 1/5 முதல் 1/8 வரை: ஒவ்வொன்றும் அரைக்காலுக்குக் குறையாது, நாலும் சேர்ந்தால் இன்னொரு அரை. அடுத்த எட்டில் இன்னொரு அரை. அடுத்த பதினாறில் இன்னொரு அரை. அரை அரையாக வந்துகொண்டே இருந்தால் எந்தத் தொகையைத்தான் தாண்டாது?

ஆனால் நடை மகா மந்தம். கூட்டுத்தொகை 10ஐத் தாண்ட 12,367 உறுப்பு வேண்டும். 20ஐத் தாண்ட 27 கோடிக்கும் மேல். 100ஐத் தாண்ட எத்தனை உறுப்பு வேண்டும் என்று எழுதவே 44 இலக்கம் பிடிக்கும். நீங்கள் 15ல் நின்றதாகச் சொல்வது தொடரின் குணம் அல்ல, நீங்கள் கூட்டிய பாத்திரத்தின் குணம். எந்த அளவுப் பாத்திரம் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பின்கட்டு அவர்களே, மகளின் கேள்விக்குக் குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன். அவசரமாகச் சொல்லித் தப்பிக்கிற கேள்வி அல்ல அது.

சந்திப்பிழை · சனி காலை 7.20

கணக்கு எனக்கு வராது, தமிழ்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்தச் சண்டை இலக்கணச் சண்டையாகத்தான் எனக்குப் படுகிறது.

தம்பி எழுதியதைத் திரும்பப் படியுங்கள்: 'போட்டுக்கொண்டே போகலாம்.' பின்கட்டு மகள் கேட்டது: 'எங்க போச்சு?' ஒருவர் 'கொண்டே'யில் நிற்கிறார், இன்னொருவர் முடிந்துபோன வினையில் நிற்கிறார். ஒரு வினையை ஓடவிட ஒரு துணைவினை, இழுத்து மூட ஒரு துணைவினை என்று தமிழில் தனித்தனியாக வைத்திருக்கிறோம். எழுதிக்கொண்டே இருக்கிறான். எழுதிவிட்டான். சரி, 0.999க்குப் பின்னால் இருக்கிற அந்த மூன்று புள்ளி எந்தத் துணைவினை?

'ஒன்பதை எழுதிக்கொண்டே இரு' என்பதுதான் பொருள் என்றால் அது எண்ணே இல்லை, ஒரு வேலை. வேலை எப்படி ஒன்றுக்குச் சமமாகும்? 'கிளறுதல் = கேசரி' என்று எழுதுகிற மாதிரி. 'எல்லா ஒன்பதையும் எழுதியாகிவிட்டது' என்றால்தான் அது ஒரு பொருள், அதற்கு விலை சொல்லலாம். ஆனால் முடிவில்லாததை எழுதி முடித்தது யார்?

அரைத்த மாவு · சனி காலை 7.31

கேசரி என்றதும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மன்னிக்கவும், தொடருங்கள் அக்கா.

ஓய்வு வாத்தியார் · சனி காலை 9.10

அம்மா சந்திப்பிழை, நீங்கள் கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டு அரிஸ்டாட்டில் நின்ற இடத்தில் வந்து நிற்கிறீர்கள். அவரும் முடிவிலியை இரண்டாகப் பிரித்தார். ஆகிக்கொண்டே இருப்பது ஒன்று, ஆகி முடிந்தது இன்னொன்று. முதலாவது உண்டு, இரண்டாவது கிடையாது என்றார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் அதுதான் சட்டம். 1874ல் கேன்டர் என்ற ஜெர்மன் கணிதர் வந்துதான், ஆகி முடிந்த முடிவிலிகளும் உண்டு, அவற்றிலும் பெரியது சிறியது உண்டு என்று காட்டினார். அந்தக் கதைக்கு இப்போது போக வேண்டாம், திரும்பி வர நேரமாகும்.

எல்லை என்ற கருத்து இந்த இரண்டு துணைவினைக்கும் நடுவே நுழைந்து தப்பிக்கிறது. எழுதிக்கொண்டே இருக்கவும் வேண்டாம், எழுதி முடிக்கவும் வேண்டாம். மிச்சத்தை மட்டும் பாருங்கள். ஒரு ஒன்பது போட்டால் மிச்சம் 1/10. இரண்டு போட்டால் 1/100. ஆறு போட்டால் பத்து லட்சத்தில் ஒன்று. இப்போது காய்கறிக் கடைப் பேரம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு விலை சொல்கிறீர்கள், பூஜ்ஜியத்துக்கு மேலே எவ்வளவு சின்னதானாலும் சரி. இத்தனாவது ஒன்பதுக்கு அப்புறம் மிச்சம் உங்கள் விலைக்குக் கீழேயே இருக்கும் என்று நான் காட்டுகிறேன். நீங்கள் இன்னும் குறைக்கிறீர்கள், நான் இன்னும் சில ஒன்பது போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயிக்கிறேன். இந்தப் பேரத்தில் முடிவிலி என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? 19ஆம் நூற்றாண்டில் கோஷி, வயர்ஸ்ட்ராஸ் என்ற கணிதர்கள் செய்த வேலை இதுதான்.

சரி, 1லிருந்து 0.999...ஐக் கழித்தால் வருவது என்ன? சொல்லப்பட்ட எல்லா விலையையும் விடச் சின்னது. மெய்யெண்களில் அப்படி, குறையெண்ணாகவும் இல்லாமல், இருக்கிற ஒரே ஆள் பூஜ்ஜியம். அதனால் 'சமம்'. கிட்டத்தட்ட அல்ல.

பின்கட்டு · சனி பகல் 12.15

மகளிடம் வாசித்துக் காட்டினேன். பேரம் வரைக்கும் ஒத்துக்கொண்டாள். கடைசியில் கொக்கி போட்டாள்: "'மெய்யெண்களில்'னு ஏன் சொல்றாரு? வேற எங்கயாவது போய் ஒளிஞ்சிருக்கலாம்ல?"

ஓய்வு வாத்தியார் · சனி பகல் 12.40

வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கிடைக்கத் தவம் இருந்தேன். கிடைத்தபோது பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரம்.

ஒளிந்திருக்கலாம். அந்த ஒளிந்திருக்கும் ஆளை வைத்துத்தான் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தையே கட்டினார்கள். ஒரு சதுர மனை, பக்கம் 'க'. பக்கத்தைக் கொஞ்சூண்டு, 'இ' அளவு, கூட்டுகிறோம். (இம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பரப்பு எவ்வளவு கூடியது? இரண்டு ஓரத்திலும் 'க' நீளத்துக்கு மெல்லிய பட்டை, மூலையில் பொட்டு மாதிரி 'இ' சதுரம். அதாவது 2கஇ + இஇ. கூடிய வேகம் தெரிய 'இ'யால் வகுக்கிறோம்: 2க + இ. இப்போது 'இ' மிகச் சின்னதுதானே என்று விட்டுவிடுகிறோம். விடை 2க.

எங்கே இடிக்கிறது பாருங்கள். வகுக்கும்போது 'இ' பூஜ்ஜியம் இல்லை, இருந்தால் வகுக்கவே கூடாது. விடை எழுதும்போது பூஜ்ஜியம். ஒரே ஆள், இரண்டு வரிக்குள் இரண்டு வேஷம். 1734ல் பெர்க்லி என்ற பிஷப் இதைப் பிடித்து உலுக்கிவிட்டார். இவை என்ன, செத்துப்போன அளவுகளின் ஆவிகளா என்று கேட்டார். இதை நம்புகிறவர்கள் மதத்தில் மட்டும் ஏன் அவ்வளவு கறாராகச் சந்தேகப்படுகிறார்கள் என்பது அவர் கேள்வியின் அடிநாதம். கேள்வி நியாயமானது. ஒழுங்கான பதில் வர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அரைத்த மாவு · சனி பகல் 12.58

'இ' கறிவேப்பிலை. தாளிக்கும்போது வேண்டும், சாப்பிடும்போது ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். இதற்கு ஏன் பிஷப்பெல்லாம் கோபப்பட வேண்டும்?

என் பங்குக்கு ஒன்று. பதினைந்து வருடம் தோசைக்கல் முன்னால் நின்றவன் சொல்கிறேன். வட்டத்தின் பரப்பை வகையிட்டால், அதாவது ஆரம் கூடும்போது பரப்பு கூடுகிற வேகத்தைப் பார்த்தால், சுற்றளவு வரும் என்று மகன் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. கல்லுக்கு முன்னால் நிறுத்தினேன். மாவை ஊற்றிக் கரண்டியால் சுழற்றிக்கொண்டே வெளியே இழுத்தேன். "தோசை ஒரு சுற்றுப் பெரிதானால் புதிதாக வந்தது எது?" "ஓரம்." "ஓரத்தின் நீளம்?" "சுற்றளவு." அவ்வளவுதான். வகைக்கெழு என்பது தோசையின் மொறுமொறு ஓரம். இதே வழியில் லட்டு உருண்டையின் கன அளவை வகையிட்டால் அதன் மேல்தோல் வரும்.

சந்திப்பிழை · சனி மதியம் 1.20

லட்டுக்குத் தோல் கிடையாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தோசை பிரமாதம்.

வாத்தியார் ஐயா, 'இ'க்கு இம்மி என்று பேர் வைத்தீர்களே, அதில் ஒரு சின்னச் சிக்கல். நம் பழைய கீழ்வாய் எண்களில் காணி 1/80, முந்திரி 1/320. முந்திரியை இன்னும் 320 கூறு போட்டால் கீழ்முந்திரி, 1/102400. இம்மி அதற்கும் கீழே. ஆனால் எவ்வளவு நுணுகினாலும் அது ஒரு பின்னம்தான், அதற்கு அளவு உண்டு. பாதியாக்கினால் பாதி இம்மி கிடைக்கும். எண்சுவடி என்கிற பழைய வாய்பாட்டு ஏடு படித்த கணக்குப்பிள்ளை எந்த இடத்திலும் 'இது இருக்கிறது, ஆனால் இல்லை' என்று சொல்லியிருக்க மாட்டார். நெல் அளக்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது. உங்கள் 'இ' எல்லா இம்மியையும் விடச் சின்னது, ஆனால் பூஜ்ஜியமும் இல்லை. அதற்குத் தமிழில் ஒரு நல்ல பேர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு வாத்தியார் · சனி மாலை 4.30

'இம்மி' உவமைக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கூடுதல் செய்தி: 1960களில் ஆபிரகாம் ராபின்சன் என்ற கணிதர் அந்த 'இ'க்குச் சட்டப்படி பட்டா வாங்கிக் கொடுத்துவிட்டார். மெய்யெண்களை விட விரிவான ஒரு எண் மண்டலம். அதில் பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கிற எல்லா மெய்யெண்ணையும் விடச் சின்ன, ஆனால் பூஜ்ஜியமல்லாத எண்கள் முறையாக வசிக்கின்றன. ஆகவே பாப்பாவின் 'வேற எங்கயாவது' என்ற சந்தேகம் வெறும் குறும்பு அல்ல. அந்த ஊர் உண்டு. பள்ளிப் பாடம் நடக்கிற ஊர் அது இல்லை, அவ்வளவுதான்.

கொக்குவிலான் · சனி இரவு 8.05

நுண்கணிதத்தில துண்டு துண்டாகக் கூட்டுறதை (integration) நாங்கள் 'தொகையீடு' எண்டு படிச்சனாங்கள், நீங்கள் 'தொகையிடல்' எண்டுறியள். எப்பிடிக் கூட்டினாலும் விடை ஒண்டுதான்.

எனக்குப் பிடித்த பைத்தியம் ஒன்றை இங்கே வைக்கிறேன். யாழ்ப்பாணத்து இணுவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன், அதனால் அப்படியே கற்பனை செய்கிறேன். முடிவில்லாத நீளத்தில் ஒரு நாதஸ்வரம். அணசு வாயில், அதாவது அகன்ற முனையில், ஆரம் ஒரு அடி. இரண்டாவது அடியில் ஆரம் அரை அடி, மூன்றாவதில் மூன்றில் ஒன்று, நூறாவதில் நூறில் ஒன்று. சிறுத்துக்கொண்டே போகும், மூடாது. இதற்குள் எவ்வளவு பெயின்ற் பிடிக்கும்? சரியாகப் பை (π) கன அடி. லீற்றரில் ஏறக்குறைய 89. இருபது லீற்றர் வாளி நாலரை வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அதன் சுவருக்குப் பெயின்ற் பூச வேண்டுமென்றால் பரப்பு முடிவிலி, உலகத்துப் பெயின்ற் எல்லாம் போதாது. நிரப்பலாம், பூச ஏலாது!

1640களில் இத்தாலியக் கணிதர் டொரிச்செல்லி இதை நிறுவினபோது ஐரோப்பாவே ஆடிப்போனது. இதை விளங்கிக்கொள்ள ஒருவர் கணிதராகவோ தர்க்கராகவோ இருக்கத் தேவையில்லை, பைத்தியமாக இருந்தால் போதும் என்கிற மாதிரி ஆங்கிலத் தத்துவவாதி ஹொப்ஸ் எழுதினார்.

பின்கட்டு · சனி இரவு 8.40

நிரப்பினால் உள்சுவர் முழுக்கப் பெயிண்ட் பட்டுவிடுமே. அப்போது பூசியாகிவிட்டதே! இது எந்த ஊர் நியாயம்? பெயிண்டர் கூலி யாருக்கு எழுதுவது?

ஓய்வு வாத்தியார் · சனி இரவு 9.05

'பூசுவது' என்ற சொல்லில்தான் முடிச்சு. பூசுவது என்றால் நாம் ஒரே கனத்தில் பூசுவதை நினைக்கிறோம். நிரப்பும்போது உள்ளே போகப் போகப் படலத்தின் கனம் குறைந்துகொண்டே போகிறது, குழலே அவ்வளவுதான் இருக்கிறது. எவ்வளவு மெல்லிசாகவும் பூசலாம் என்று அனுமதித்தால் ஒரு கரண்டிப் பெயிண்டிலும் முடிவில்லாத சுவரைப் பூசலாம். நிஜப் பெயிண்டுக்கு அந்த அனுமதி கிடையாது. ஏறக்குறைய 93,000 கிலோமீட்டர் போனதும், அதாவது பூமியை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றுகிற தூரத்தில், அந்தக் குழலின் ஆரம் ஒரு நானோமீட்டர்தான். பெயிண்ட் மூலக்கூறு அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும்.

பைத்தியம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருகிறார். சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், 1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் 1 + 2 + 3 + 4 + ... என்பதன் மதிப்பு தன் முறையில் மைனஸ் 1/12 என்கிறார். இதைச் சொன்னால் உடனே எனக்குப் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்று அவரே சேர்த்துக்கொள்கிறார்! அங்கே நடப்பது நாம் செய்கிற கூட்டல் அல்ல. விரிந்துபோகும் ஒரு தொடருக்கு வேறொரு ஒழுங்கான முறையில் மதிப்புக் கொடுப்பது. அந்த முறையைச் சொல்லாமல் விடையை மட்டும் சொல்லி ஆளை மிரட்டும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. அவற்றின் மேல் எனக்குத் தீராத எரிச்சல்.

அரைத்த மாவு · சனி இரவு 9.30

முடிவில்லாத பந்தி ஒன்று நடக்கிறது. எல்லா இலையிலும் ஆள். புதிதாக ஒரு மாமா வருகிறார். "எல்லாரும் ஒரு இலை தள்ளி உட்காருங்க" என்றால் முதல் இலை காலி, மாமாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. கணிதர் ஹில்பர்ட் சொன்ன, முடிவில்லாத அறைகள் கொண்ட ஓட்டல் என்று கல்லூரியில் படித்தது, பந்திக்கு மாற்றிவிட்டேன்.

சந்திப்பிழை · சனி இரவு 9.34

பக்கத்து ஆள் சாப்பிட்ட எச்சில் இலையில் யார் உட்காருவார்கள்? ஹில்பர்ட் நம் ஊர்க் கல்யாணத்துக்கு வந்ததில்லை என்று தெரிகிறது.

ஓய்வு வாத்தியார் · ஞாயிறு காலை 6.15

ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்தேன். 'மிச்சத்தைப் பார்' என்று நான் சொன்னதை ஐரோப்பியர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

14ஆம் நூற்றாண்டில், ஒரேம் பாதிரியார் காலத்தை ஒட்டியே, கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் இருந்தார். பையின் கால் பங்குக்கு ஒரு முடிவில்லாத தொடர் அவர் வழி வந்தது: 1 − 1/3 + 1/5 − 1/7 + ... பார்க்க அழகு, வேலைக்கு உதவாது. பத்து உறுப்பு கூட்டி நாலால் பெருக்கினால் 3.0418. நூறு கூட்டினாலும் இரண்டாவது தசம இடத்தில் தப்பு. ஆயிரம் கூட்டினால் 3.1406 வரைக்கும்தான் வரும். நடந்து போய்ச் சேருகிற காரியம் அல்ல.

அந்த மரபுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நடப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். பத்தாவது உறுப்பில் நிறுத்தினால் 40/401ஐச் சேர் என்று வரும். பேனாவை எடுங்கள். 40/401 என்பது 0.09975. 3.04184ஓடு கூட்டுங்கள்: 3.14159. பத்தே உறுப்பில் ஐந்து தசம இடம் சரி! முடிவிலி வரைக்கும் போகாமலே, போகாத தூரத்தை அளந்துவிட்டார்கள். 'நிற்காது' என்று ஒரேம் காட்டியது ஒரு மாதிரி கெட்டிக்காரத்தனம் என்றால், 'நின்றால் இவ்வளவு பாக்கி' என்று சொல்வது எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

சென்னை மாகாணப் பணியில் இருந்த விஷ் என்ற ஆங்கிலேயர் 1830களில் இதைப் பற்றி எழுதினார். அதற்கப்புறமும் ஒரு நூற்றாண்டு பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

பின்கட்டு · ஞாயிறு காலை 7.00

ஐயா, இது எனக்குப் புரிகிற பாஷை. வராத பாக்கியை மதிப்பிட்டு ஏட்டில் எழுதுவது! நான் எங்கும் போய் வசூலிக்க வேண்டாம், பாக்கி எவ்வளவு என்று தெரிந்தால் கணக்கை மூடிவிடலாம். 0.999...ல் பாக்கி பூஜ்ஜியம், மூடியாயிற்று. இரண்டு நாளைக்கு அப்புறம் நேற்றுத்தான் தூங்கினேன்.

மிதவைப்புள்ளி · ஞாயிறு மாலை 6.20

விசாரணை முடிந்தது, குற்றவாளி நான்தான்.

ஒற்றைத் துல்லிய மிதவைப்புள்ளியில், அதாவது கணினி தசம எண்ணைக் குறைந்த இடத்தில் சுருக்கி வைக்கிற முறையில், கூட்டியிருக்கிறேன். (என் பேரே அதுதான் என்பதால் கேலி செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு.) அதில் ஒரு எண்ணின் இலக்கங்களுக்கு 24 பிட் (0 அல்லது 1) மட்டும்தான். கூட்டுத்தொகை 8க்கும் 16க்கும் நடுவே இருக்கும்போது அது எடுத்து வைக்கக்கூடிய மிகச் சின்ன அடி 1/1048576. அதில் பாதிக்கு மேல் ஏதாவது சேர்த்தால் அடுத்த படிக்கு ஏறும், இல்லாவிட்டால் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அந்தப் பாதி 1/2097152. ஆகவே 20,97,152ஆவது உறுப்போடு ஆட்டம் முடிந்தது. அதற்கப்புறம் நான் கூட்டிய பத்துக் கோடியும் கடலில் போட்ட பெருங்காயம்.

அதைவிட அவமானம்: அந்த இடத்தில் உண்மையான கூட்டுத்தொகை 15.13. என் மடிக்கணினி சொன்னது 15.40. வழி நெடுகப் படிக்குப் படி தள்ளாடியிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை.

அக்கா சொன்ன கீழ்முந்திரி 1/102400. என் கணினியின் இம்மி அந்த இடத்தில் அதைவிடப் பத்து மடங்கு நுணுக்கம், அவ்வளவுதான். எண்சுவடிக் கணக்குப்பிள்ளையும் நானும் ஒரே கட்சி. இரண்டு பேருக்கும் கீழே தரை உண்டு. தரையே இல்லாமல் யோசிக்கிறவர் வாத்தியார் ஐயா மட்டும்தான்.

இப்போது அதைவிட நுணுக்கமான இரட்டைத் துல்லியத்தில் எழுதி, ராத்திரி 9 மணிக்கு ஓடவிடப் போகிறேன். அதுவும் ஒருநாள் நிற்கும், சுமார் 281 லட்சம் கோடி உறுப்புக்கு அப்புறம், 34க்குப் பக்கத்தில். என் கணினி நொடிக்கு ஐம்பது கோடி கூட்டும். ஆறரை நாள் ஆகும்.

சந்திப்பிழை · ஞாயிறு மாலை 6.41

மின்கட்டணத்தை 'இதர செலவு' தலைப்பில் எழுதிவிடுங்கள்.

ஓய்வு வாத்தியார் · ஞாயிறு இரவு 7.10

மிதவைப்புள்ளி தம்பி அதை ஓட்டட்டும். பின்கட்டு, உங்கள் வீட்டில் சுற்றுச்சுவர் வேலை நடப்பதாக வேறொரு இழையில் படித்தேன். பாப்பாவோடு ஒன்று செய்து பாருங்கள். இதே தொடர்தான், ஆனால் கையால் தொடலாம். ஐந்து செங்கல், நல்ல மட்டமானதாகப் பார்த்து எடுங்கள். சாந்து கூடாது. சுவர் விளிம்பில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேல் செங்கல் முழுக்கச் சுவருக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும்படி அடுக்க முடியும். செங்கல் ஒன்பது அங்குலம் என்றால், மேல் செங்கல் தனக்குக் கீழே இருப்பதை விட நாலரை அங்குலம் வெளியே நீட்டலாம். அடுத்தது அதில் பாதி, இரண்டேகால். அடுத்தது ஒன்றரை. அடுத்தது ஒரு அங்குலம் ஒரு நூல் (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று). அடியில் இருப்பது சுவரிலிருந்து ஏழு நூல். நாலரையின் அரை, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று என்று போகிறது பாருங்கள், நம் தொடரேதான். இது விழுவதற்கு முந்திய கடைசி அளவு, அதனால் எல்லாவற்றிலும் ஒரு நூல் குறைத்து வையுங்கள். காலில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மிதவைப்புள்ளி · திங்கள் காலை 7.02

நிலவரம்: ஓடவிட்ட முதல் நொடியில் 20.6. ஒரு நிமிடத்தில் 24.7. ஒரு மணி நேரத்தில் 28.8. பத்து மணி நேரம் கழித்து இப்போது 31.1. விசிறிச் சத்தத்தில் நான் தூங்கவில்லை.

பின்கட்டு · திங்கள் மாலை 6.30

அடுக்கிவிட்டோம்! மூன்று தடவை சரிந்தது. முதல் தடவை என் அளவு தப்பு, அடுத்த இரண்டு தடவை செங்கல்லின் குழிப் பக்கத்தை மாற்றி வைத்தது. நாலாவது தடவை மகள் அளவுகோலைப் பிடித்தாள், கொத்தனார் வைத்தார், நின்றது. மேல் செங்கல் முழுக்க வெளியே, சுவர் விளிம்புக்கும் அதற்கும் நடுவே ஐந்து நூல் இடைவெளி. கீழே குனிந்து அந்த இடைவெளி வழியாக வானத்தைப் பார்த்தோம். நான், மகள், கொத்தனார், சித்தாள் அக்கா, நாலு பேரும்.

வாத்தியார் ஐயாவுக்கு மகள் போட்ட கணக்கு: இரண்டு செங்கல் நீளம் நீட்ட 31 செங்கல். மூன்று நீளத்துக்கு 227. பத்து நீளம், வெறும் ஏழரை அடி, நீட்ட வேண்டுமென்றால் 27 கோடிச் செங்கல், உயரம் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டலாம், தடையே இல்லை, காசு இருக்க வேண்டும் அவ்வளவுதான் என்றாள்.

கொத்தனார் ஒரு கேள்வி கேட்டார். "ஆறாவது செங்கல் வைக்கணும்னா எங்க சார் வைக்கிறது?" மேலே என்றேன். "அது முடியாது சார். மேல் கல்லு நாலரை அங்குலம், அது மாறாது. புதுக் கல்லு அடியில போகணும். எல்லாத்தையும் பிரிச்சுட்டுத்தான் வைக்கணும்." யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஒவ்வொரு புதுக் கல்லும் அடியில்தான் நுழைகிறது. அப்படியானால் முடிவில்லாத கல் அடுக்கினால் அதற்கு உச்சி இருக்கும், அடிக்கல் இருக்காது.

கொக்குவிலான் · திங்கள் இரவு 7.15

கொத்தனாருக்கு ஒரு பட்டம் குடுங்கோ.

சந்திப்பிழை · திங்கள் இரவு 7.22

திருவண்ணாமலையில் அடியும் தெரியவில்லை, முடியும் தெரியவில்லை. இங்கே முடி கண்ணுக்கு முன்னால் ஒன்பது அங்குலத்தில் இருக்கிறது, அடி மட்டும் இல்லை. அன்னமாகப் பறந்தவர் பொய்சாட்சி தேடாமல் பிழைத்திருப்பார். பன்றியாகத் தோண்டினவர் பாடுதான் திண்டாட்டம்.

பின்கட்டு · திங்கள் இரவு 9.10

மகள் கேட்கிறாள்: அடியே இல்லாத அடுக்கைச் சுவர் மேல் எந்தக் கல் தொட்டுக்கொண்டு நிற்கும்? வாத்தியார் ஐயா பதில் எழுதட்டும், நான் காத்திருக்கிறேன்.

படம் கேட்டு இரண்டு பேர் தனிமடல் போட்டிருந்தீர்கள். எடுக்க மறந்துவிட்டேன். திரும்ப அடுக்கலாம் என்று போனால், அந்த ஐந்து செங்கல்லையும் கொத்தனார் சுவரில் வைத்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்.